எலியும் கணவாயும்

நாவல் எழுதப் போகிறேன் என்று 2011இல் அறிவித்தேன். இன்று வரை பதினொரு பக்கம் ஆகியிருக்கிறது. அதில் நான்கு பக்கம் பனி விழுகிறது. கல்முனையில்.

நீலாவணன், எம்.ஏ.நுஃமான், சண்முகம் சிவலிங்கம், சோலைக்கிளி என்று எங்கள் கரையில் கவிஞர்கள் மலிந்து கிடப்பதால், நாவல் பக்கம் போட்டி குறைவு என்று கணக்குப் போட்டிருந்தேன். உமா வரதராஜனின் 'மூன்றாம் சிலுவை' 2009இலேயே வந்துவிட்ட சங்கதி எனக்கு அப்போது தெரியாது.

பனி சுவீடனிலிருந்து வந்தது. அந்த நாட்டுக்காரர் லிண்ட்குவிஸ்ட் 2004இல் ஒரு நாவல் எழுதினார். 'சரியான ஆளை உள்ளே விடு' என்கிற மாதிரித் தலைப்பு. 2008இல் படமாகவும் வந்தது. நான் முதலில் பார்த்தது படத்தை, அதுவும் கள்ள சீடியில். ஸ்டாக்ஹோமுக்குப் பக்கத்தில் மாடி வீடுகள் நிறைந்த ஒரு புறநகர், 1981ஆம் ஆண்டு. பன்னிரண்டு வயது ஒஸ்கரை வகுப்புப் பொடியன்கள் பன்றி போலக் கத்த வைத்து ரசிக்கிறார்கள். அவன் இரவில் போய் மரத்தைக் கத்தியால் குத்துகிறான். பக்கத்து வீட்டுக்கு ஒரு பெண்பிள்ளை குடிவருகிறாள். பெண்பிள்ளை என்றுதான் அவன் நினைக்கிறான். அது இரத்தம் குடித்து உயிர் வாழ்கிற ஜாதி. நடுச்சுவரில் மோர்ஸ் தட்டித் தட்டி இரண்டு பேருக்கும் காதல்.

அவள் பெயர் தமிழ் எழுத்தில் எலி என்று வரும். இது எனக்குப் பிரச்சினையாகத் தோன்றவில்லை. உம்மாவுக்குத் தோன்றியது. கொப்பியைத் தற்செயலாகத் திறந்தவ, 'எலி அவனுடைய கையைப் பிடித்தது' என்ற வரியில் நின்றுவிட்டா. "குசினியில அரிசிச் சாக்க ஓட்ட போட்டுக் கிடக்கு. பொறி வைக்கச் சொன்னா, இஞ்ச இருந்து அதப் பத்தி எழுதிக்கிட்டு இரிக்கியா?"

ஒஸ்கர் நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எட்டாம் வகுப்பில் என் பேனை கசிந்து வெள்ளைச் சேட்டின் பை முழுவதும் மையானது. அன்றிலிருந்து நான் கணவாய். கரையூர்ப் பிள்ளைகளுக்கு மீன் பெயர் வைக்க யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. நான் வகுப்புக்குள் நுழைந்தால் பின்வாங்கிலிலிருந்து, "தள்ளிரிங்கடா, மை அடிப்பான்" என்று குரல் வரும். ஒரு வருசம் வந்தது. அழுதிருக்கிறேன், கழிவறையில், தண்ணீரைத் திறந்துவிட்டு.

ஆக, கதாநாயகன் தயார். சுவர்தான் பாக்கி. எங்கள் வீட்டுக்கும் பெரியம்மா வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைக்கல் சுவர். மோர்ஸ் அதன் வழியாகக் கேட்குமா என்று ஓர் இரவு தட்டிப் பார்த்தேன். ஆராய்ச்சிதான். அந்தப் பக்கம் பெரியம்மாவின் மகள் படித்துக்கொண்டிருப்பாள் என்பது எனக்குத் தெரியாது என்று சொன்னால் நம்பவா போகிறீர்கள்?

நேரம் பார்த்தேன், மாதம் பார்க்கவில்லை. அது 2011 ஆகஸ்ட். உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் கிறீஸ் பூதம் வருகிறது என்று கிழக்கு மாகாணமே நித்திரையில்லாமல் கிடந்த மாதம். நான் மூன்று எழுத்துத் தட்டி முடிப்பதற்குள் பெரியம்மா குளறினா. ஐந்து நிமிடத்தில் தெரு முழுக்கப் பொல்லும் டோர்ச்சுமாய் ஆட்கள். நானும் ஒரு பொல்லை எடுத்துக்கொண்டு அவர்களோடு சேர்ந்து தோணா வரைக்கும் ஓடி என்னைத் தேடினேன்.

லிண்ட்குவிஸ்டின் நாவலில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு மரியாதை. 'உள்ளே வா' என்று வாயால் சொல்லாமல் எலி ஒரு வீட்டுக்குள் வர முடியாது. ஒஸ்கர் வேண்டுமென்றே சொல்லாமல் இருக்க, அவள் காலெடுத்து வைக்கிறாள். உடம்பெல்லாம் இரத்தம் கசிகிறது. சுவீடன்காரருக்கு இது பேய்ச் சட்டம். எங்களுக்கு ஓதப்போன இடத்தில் லெப்பை பிரம்போடு சொல்லித்தந்தது: அடுத்த வீட்டு வாசலில் மூன்று முறை ஸலாம் சொல், பதில் இல்லையென்றால் திரும்பிப் போ.

பன்னிரண்டாம் பக்கத்தில்தான் என் நாவல் நின்றது. ஒஸ்கரை வதைக்கிறவர்களின் பேச்சை எழுத வேண்டிய இடம். ஒஸ்கரின் அழுகைக்கு இரண்டு பக்கம் திணறியவனுக்கு, இது மட்டும் தங்குதடையில்லாமல் வந்தது. நக்கல் சரியாக விழுந்தது, எங்கே நிறுத்தினால் வகுப்பு சிரிக்கும் என்பது கூடத் தெரிந்திருந்தது. வாசித்துப் பார்த்தேன். அது என் குரல்.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் போனார்கள். ஜனவரியில் ஒன்பதாம் வகுப்புக்குப் புதிதாக ஒருவன் வந்தான். வீடு கடற்கரையில் இருந்தது. இனி 200 மீட்டருக்குள் கட்டக் கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டதால் குடும்பம் முகாமில். யாரோ கொடுத்த சேட், கை முழங்கையைத் தாண்டித் தொங்கியது. நான் அவனுக்கு 'நிவாரணம்' என்று பேர் வைத்தேன். வகுப்பு சிரித்த சிரிப்பில் கணவாய் செத்துப்போனது. எனக்கு விடுதலை. பல்கலைக்கழகப் பகிடிவதைக்கு எதிராக 1998இலேயே சட்டம் வந்துவிட்டது. நல்லவேளை, ஒன்பதாம் வகுப்பை அதில் சேர்க்கவில்லை.

அவன் உம்மா அலையில் போனவ என்பது இரண்டாம் தவணையில்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகும் பேரை மாற்றவில்லை. வேறு நல்ல பேர் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன நோன்புப் பெருநாளன்று, வட்டிலப்பம் ஒரு டப்பாவோடு அவனைப் பார்க்கப் போனேன். சுனாமிக்குப் பிறகு கட்டிய மாடி வீடு, சுவரோடு சுவர், அந்தப் படத்தில் வருகிற மாதிரியே. பனிதான் இல்லை. கதவுக்கு முன்னால் நின்று ஸலாம் சொன்னேன். என் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை அதைவிடக் குறைவு. மூன்றாவதை உதட்டுக்குள் முடித்துவிட்டு, மார்க்கப்படி எல்லாம் சரி என்று திரும்பினேன்.

பாதிப் படியில் இறங்கும்போது மேலே கதவு திறந்தது. "ஆரு?" என்றது ஒரு குரல். பிறகு, கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு, "கணவாயா? வாடா உள்ள."

டப்பாவைப் படியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். டப்பா உம்மாவுடையது. இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறா.