ஹஹலோலோ

1985-ல் அமெரிக்காவின் அரிசோனா அமெச்சூர் ரேடியோக்காரர்கள் கொண்டுவந்த பெட்டி டிஎன்சி-2. தட்டச்சு செய்ததைப் பொட்டலம் கட்டி வானலையில் ஏற்றிவிடும். அடுத்த ஊரோடு பேசுவது அதற்குச் சுலபம். எதிரே உட்கார்ந்திருக்கும் நம்மோடு கணினி வழியே பேசத்தான் ஆயிரம் நிபந்தனை.

அடித்த எழுத்தைத் திரையில் திருப்பிக் காட்டும் எக்கோ, பெட்டி, கணினி என இரு பக்கமும் ஆன் என்றால், ‘ஹலோ’ திரையில் ‘ஹஹலோலோ’ ஆகும். இரு பக்கமும் ஆஃப் என்றால் மௌன விரதம். அடுத்த வரிக்கு இறக்கிவிடும் ஆட்டோஎல்எஃப் எந்தப் பக்கமும் இல்லாவிட்டால் எல்லா வரியும் ஒன்றின் தலைமேல் ஒன்று ஏறும். இரு பக்கமும் போட்டுவிட்டால் வரிக்கு வரி காலி மனை. அழித்ததைத் திரையிலும் அழிக்கும் பிகேஆன்டெல்லை அணைத்தால், அழித்த எழுத்து அழியாது, பக்கத்தில் ஒரு சாய்கோடு விழும். காகிதத்தில் அச்சடிக்கும் டெலிடைப்புக்குச் செய்த மரியாதை அது!

பெட்டி பிறவியிலேயே 7 பிட், இரட்டைப்படைப் பாரிட்டி (பிழை கண்டறியும் பிட்). கணினியோ பெரும்பாலும் 8 பிட், பாரிட்டியே கிடையாது. ஜாதகம் பொருந்தாமல் திரையில் கிறுக்கல் கொட்டும். அந்தக் கிறுக்கலுக்கு நடுவேதான் திருத்தும் கட்டளையைக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்க வேண்டும். பிறகு ‘ரீஸ்டார்ட்’ வேறு. அதுவரை பிட் நீளம் மாறாது.

பழைய பெட்டி ஒன்றை வாங்குபவர்களே, கட்டளைப் பட்டியலை முதலில் காகிதத்தில் அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள்.