கூடாரமும் கடலோரச் சாலையும்

கேள்வி: ஆஸ்திரேலியாவின் கிரேட் ஓஷன் ரோட்டில் கூடாரம் அடித்துத் தங்கிச் சுற்றிவர ஆசை. இரண்டு நாள் போதுமா?

பதில்: போதவே போதாது! தூரம் சுமார் 240 கிலோமீட்டர்தான். ஆனால் முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய வீரர்கள், மாண்ட தோழர்களின் நினைவாக 1919 முதல் 1932 வரை கடப்பாரையும் மண்வெட்டியுமாகப் பாறையைக் குடைந்து போட்ட சாலை அது. 13 வருட உழைப்பை இரண்டு நாளில் விழுங்கலாமா? வழியில் கடலில் நிற்கும் ‘பன்னிரு அப்போஸ்தலர்’ பாறைகளில் ஒன்று 2005-ல் சரிந்தது. மிச்சத்தையும் கடல் அரிக்கிறது. நின்று பாருங்கள். திரும்புகையில் உள்நாட்டு வழியாக வாருங்கள். கேம்பர்டவுன் அருகே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு எரிமலை ஏரிகள். நோட்டக் ஏரியில் உப்பு கரிக்கும், புல்லன் மெர்ரியில் அந்த அளவுக்கு இல்லை. பொழுது சாய்வதற்குள் கூடாரம் போட்டுவிடுங்கள். அந்திதான் கங்காருகள் சாலைக்கு வரும் நேரம்!