கவனித்துக்கொண்டிருந்தேன்

மனித மேம்பாடும் குடும்பவியலும் என்று ஒரு படிப்பு உண்டு. குழந்தை எப்படி வளர்கிறது, கிழவி எப்படித் தளர்கிறாள், நடுவில் கிடந்து குடும்பம் என்ன பாடுபடுகிறது என்பதையெல்லாம் முறையாகப் படிப்பது. அதில் முதுகலை சேர விண்ணப்பம் போட உட்கார்ந்தவன் நான். இரண்டாம் பக்கத்திலேயே தோற்றேன்.

‘தாயாரின் கல்வித்தகுதி’ என்று ஒரு கட்டம். யோசிக்கவே இல்லை. ‘இல்லை’ என்று தட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனேன். தாயாரின் தொழில்: ‘இல்லத்தரசி’. அந்த நேரத்தில் இல்லத்தரசி திண்ணையில் உட்கார்ந்து கூலிக்கு முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். கொட்டைப்பால் பட்டால் தோல் பொத்துப்போகும் என்று விரலில் சாம்பலைத் தொட்டுக்கொள்வதும் கட்டையால் தட்டுவதுமாக இருந்தாள்.

“என்னாடா கேக்குறான் அதுல?”

“நீ என்னா படிச்சிருக்கன்னு.”

“என்னா போட்ட?”

சொன்னேன். தட்டும் சத்தம் நின்றது. “எட்டாவது பாஸுடா நானு” என்று எழுந்துபோனவள், தகரப் பெட்டியைக் குடைந்து மடிப்பில் கிழிந்த ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து மடிக்கணினி மேலேயே போட்டாள். பள்ளி மாற்றுச் சான்றிதழ். கணக்கில் எழுபத்திரண்டு என்பது சான்றிதழில் இல்லை, வாயால் சொன்னாள். அந்தப் பெட்டியின் மேல்தான் முப்பத்து மூன்று வருஷமாக என் சட்டையைக் கழற்றி வீசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்படிப்பட்டவனுக்கு இந்தப் படிப்பின் மேல் ஆசை எப்படி வந்தது என்று கேட்கலாம். திருச்சியில் உளவியல் இளங்கலை முடித்துவிட்டு, ஒரு கணக்கெடுப்பு வேலைக்காகச் செந்துறை ஒன்றியத்து அங்கன்வாடிகளுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 இடங்களில் தொடங்கிய திட்டம் இது, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு இது என்று வரலாறெல்லாம் எனக்கு அத்துப்படி. ஒருநாள் ஒரு பிள்ளையை எடைத் தட்டில் உட்காரவைத்துக்கொண்டே அங்கன்வாடி அக்கா கேட்டார்: “ஒங்க வீட்டுலயும் ஒரு பொடியன் இருக்கான்ல தம்பி? எத்தன கிலோ இருக்கான்?” என் அக்கா மகனைத்தான் கேட்கிறார். எனக்குத் தெரியவில்லை. “நார்மல்தான்” என்றேன். அவர் பதிவேட்டைப் புரட்டி, எங்கள் வீட்டுப் பிள்ளையின் எடையை எனக்குச் சொன்னார். அன்றைக்கு ராத்திரிதான் இந்தப் படிப்பைத் தேட ஆரம்பித்தேன். எடை போடக் கற்றுக்கொண்டிருந்தால் செலவு குறைவாக இருந்திருக்கும்.

ஊரில் விளக்கிச் சொல்வது பெரும்பாடு. “ஹ்யூமன் டெவலப்மென்ட்” என்றால், “ஹைட்டு வளர்றதுக்கா?” என்கிறார்கள். குடும்பவியல் என்று தமிழில் சொன்னால் அதைவிட மோசம். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மொதல்ல ஒரு பொண்ணப் பாத்துக் குடும்பம் பண்ணிப் பாரு தம்பி. அப்புறம் படிக்கலாம்.” கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பதில் இல்லாதவன் வேறென்ன செய்வான்?

இன்னொரு சிக்கல், நம் நாட்டில் இந்தப் படிப்பு வளர்ந்தது மனையியல் என்ற கூரையின் கீழ். பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில், ஹன்சா மேத்தா துணைவேந்தராக இருந்தபோது தொடங்கிய மனையியல் புலத்துக்குள்தான் இந்தத் துறையும் தழைத்தது. நம் பக்கம் என்றால் உடனே நினைவுக்கு வருவது கோவை அவினாசிலிங்கம். 1957இல் மனையியல் கல்லூரியாகத் தொடங்கி 1988இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. பெயரிலேயே ‘மகளிர்’ என்று இருக்கிறது. அதைக் கவனிக்காமல் அதன் பாடத்திட்டத்தை இரண்டு நாள் உட்கார்ந்து படித்து, எந்தெந்தப் பாடம் எடுப்பது என்று குறிப்பும் எழுதிவைத்தேன். மூன்றாம் நாள் அக்காதான் பக்கத்தின் உச்சியைத் தொட்டுக் காட்டினாள். பரோடா இருபாலருக்கும் உண்டு. இந்தி தெரியாது, குஜராத்தி தெரியாது என்று காரணம் சொல்லி அந்த விண்ணப்பத்தைப் பாதியில் விட்டேன். உண்மையான காரணம் கட்டுரை இருநூறு வார்த்தை குறைந்தது.

மிச்சம் அமெரிக்கா. அங்கே இந்தத் துறை வேரூன்றி நூறு வருஷம் ஆகிறது. 1917இலேயே அயோவாவில் குழந்தை நலனுக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் வைத்துவிட்டார்கள். எனக்குப் பிடித்தவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த யூரி பிரான்ஃபென்பிரென்னர். 1979இல் வந்த அவருடைய புத்தகம் இந்தத் துறைக்காரர்களுக்குப் பாலபாடம். அவர் பெயரைத் தடுக்காமல் சொல்லவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அவர் சொன்னது எளிது: குழந்தையை நடுவில் வை, சுற்றி வட்டம் போடு. முதல் வட்டத்தில் வீடு, பள்ளிக்கூடம். அந்த இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடம் அடுத்தது. அதற்கும் வெளியே, குழந்தை காலடி வைக்காத, ஆனால் குழந்தையைத் தொடுகிற இடங்கள். எல்லாவற்றுக்கும் வெளியே ஊர் வழக்கம், சட்டம், நம்பிக்கை. இதைப் படித்தபோது மயிர்க்கூச்செறிந்தது. பண்ருட்டியில் கொட்டை விலை இறங்கினால் எங்கள் ஊரில் ஒரு பிள்ளைக்கு அந்த வருஷம் ஸ்கூல் பேக் கிடையாது. அந்தப் பிள்ளை பண்ருட்டியைப் பார்த்ததே இல்லை. மாமா ஓட்டும் சுண்ணாம்புக்கல் லாரி ஆலை வாசலில் எத்தனை மணிநேரம் வரிசையில் நிற்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் அன்றைக்கு ராத்திரி வீட்டில் அடியா சிரிப்பா என்பது. எல்லாம் அந்த மூன்றாம் வட்டம். காலண்டர் தாளின் பின்பக்கம் வட்டங்களை வரைந்து சுவரில் ஒட்டினேன்.

அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். “ஜாதகமா? யாருக்கு?”

“புள்ளைக்கும்மா.”

“கட்டமா இல்லாம வட்டமா எழுதியிருக்கான்? எந்த ஜோசியன்?”

இனி வருவதுதான் சொல்லக் கூசுகிற இடம்.

விண்ணப்பத்தோடு ஒரு மாதிரிக் கட்டுரை அனுப்பவேண்டும். இயல்பான சூழலில் ஒரு குழந்தையை அரைமணி நேரம் தொந்தரவு செய்யாமல் பார்த்து, நிமிஷக் கணக்கில் எழுதுவதென்று முடிவு செய்தேன். பங்குனி மாதம், தோப்பில் கொட்டை பொறுக்கும் நேரம். அக்கா, சின்னவனை என் பக்கத்தில் இறக்கிவிட்டு, “புள்ளையக் கவனிச்சுக்கடா” என்று கூடையோடு உள்ளே போனாள். எனக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? கவனிக்கத்தானே வந்திருக்கிறேன். நோட்டை விரித்தேன். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது, அப்படியே தருகிறேன்:

10:05. குழந்தை சருகில் உட்கார்ந்திருக்கிறது. மண்ணை இரண்டு கையாலும் அள்ளுகிறது.

10:09. முந்திரிப்பழம் ஒன்றைக் கண்டெடுக்கிறது. பழத்தையும் கொட்டையையும் பிரிக்க முயல்கிறது. விடாமுயற்சி.

10:12. கொட்டையைத் திருகி எடுத்துவிட்டது. நுண் தசை இயக்கம் வயதுக்கு ஏற்றபடி உள்ளது.

10:13. வாய் வழியாக ஆராய்கிறது.

10:14க்கு எதிரே ஒன்றும் எழுதியிருக்காது. ஒரு கோடு மட்டும் தாளின் ஓரம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

பச்சைக் கொட்டையைக் கடித்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். நல்லவேளை, பால் பல்லுக்கு ஓடு உடையவில்லை. காம்பில் கசிந்த பால்தான் உதட்டில் பட்டிருந்தது. அவன் வீறிட்ட சத்தத்தில் தோப்பே ஓடிவந்தது. அம்மா முந்தானையால் ஒற்றியெடுத்துத் தேங்காய் எண்ணெய் தடவினாள். ஒரு வாரம் அவனுக்கு மேலுதடு கருத்து, மீசை முளைத்த மாதிரி இருந்தது. “பக்கத்துலதானடா ஒக்காந்திருந்த, என்ன செஞ்சுகிட்டு இருந்த?” என்றாள் அக்கா. “கவனிச்சுகிட்டுத்தான் இருந்தேன்” என்றேன். சத்தியமான பதில். அதற்காக வாங்கிய அடியைக் கட்டுரையில் சேர்க்கவில்லை.

கட்டுரையை மாற்றினேன். அமெரிக்க மானுடவியலாளர் மார்கரெட் டிராவிக், தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கி, அந்த வீட்டில் அன்பு எப்படிப் புழங்குகிறது என்று ஒரு புத்தகமே எழுதினார், 1990இல் வந்தது. நம் வீடுகளில் அன்பை வெளியே காட்டாமல் அடக்கித்தான் வைப்பார்கள், தூங்குகிற பிள்ளையைத் தாயே ஆசையாகப் பார்க்கக்கூடாது என்பார்கள் என்றெல்லாம் அதில் வருகிறது. நான் ஏதோ கண்டுபிடித்துவிட்டவனைப் போல ஓடிப்போய் அம்மாவிடம் கேட்டேன்: “தூங்குற புள்ளையப் பாக்கக் கூடாதாம்மா?”

“தாய் கண்ணுதாண்டா பொல்லாத கண்ணு. இதச் சொல்லவா அந்தப் பொம்பள அங்கேருந்து வந்துச்சு? பாவம், சோத்துக்கு என்ன பண்ணுச்சோ.”

நோக்கக் கட்டுரையிலும் கைவரிசை காட்டினேன். ‘கல்வி வாய்ப்பு மறுக்கப்பட்ட என் அப்பாயி சொன்ன கதைகளே என்னை இந்தத் துறைக்கு இழுத்தன’ என்று உருக்கமான தொடக்கம். படித்துக் காட்டியபோது அம்மா சொன்னாள்: “ஒங்கப்பாயி எப்படா கத சொல்லிச்சு? நீ தூங்கலன்னா பூச்சாண்டிகிட்ட புடிச்சிக் குடுத்துருவேன்னுல்ல சொல்லும்?” அந்த வாக்கியத்தை நீக்கவில்லை. பூச்சாண்டியை நாட்டார் மரபு என்று மாற்றினேன்.

இடையில் முகவரிச் சிக்கல். என் பிறப்புச் சான்றிதழில் திருச்சி மாவட்டம். பத்தாம் வகுப்பில் பெரம்பலூர். சாதிச் சான்றிதழில் அரியலூர். எங்கள் வீடு ஓரடி நகரவில்லை. 1995இல் பெரம்பலூர் மாவட்டம் வந்தது, 2001இல் அரியலூர் தனியானது, 2002இல் திரும்பச் சேர்ந்தது, 2007 நவம்பரில் மறுபடி பிரிந்தது. ‘அடிக்கடி இடம்பெயர்ந்த குடும்பமா?’ என்று படிவம் கேட்டது. ஆம் என்று போட்டால் உதவித்தொகை கிடைக்குமோ என்று ஒரு நிமிஷம் சபலப்பட்டதை மறைக்க விரும்பவில்லை.

பரிந்துரைக் கடிதத்துக்கு ஒரு பேராசிரியரை அணுகினேன். பிசியானவர். “நீங்களே எழுதி எடுத்துட்டு வாங்க, கையெழுத்துப் போட்டுர்றேன்” என்றார். நம்மைப் பற்றி நாமே எழுதும்போது பேனா எப்படி ஓடுகிறது என்பதை எழுதிப் பார்த்தவர்கள்தான் அறிவார்கள். கூச்சத்தில் முக்கால்வாசியை அடித்துவிட்டு, கடைசியாக ஒன்றை மட்டும் அழுத்தமாக விட்டுவைத்தேன்: ‘எடுத்த காரியத்தில் ஒருபோதும் நேரம் தவறாதவர்.’

கடைசித் தேதி டிசம்பர் 1, இரவு 11:59, அமெரிக்கக் கிழக்கு நேரம். நமக்கும் அவர்களுக்கும் பத்தரை மணிநேர வித்தியாசம். கழித்தேன். டிசம்பர் 1 பகல் 1:29. அன்றைக்கு மத்தியானம் மீன்குழம்பு. சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்து மடிக்கணினியைத் திறந்தபோது மணி மூன்று. போச்சு. பொத்தான் பச்சையாகத்தான் இருந்தது. ஏதோ தொழில்நுட்பக் கோளாறு, பின்னால் நிராகரித்து அவமானப்படுத்துவார்கள் என்று அழுத்தாமலே மூடிவிட்டேன். ஆங்கிலத் தேர்வு எழுதச் சென்னைக்குப் போய்வந்த காசை நினைத்து நெஞ்சு எரிந்தது. மீன்குழம்பாகவும் இருக்கலாம்.

மறுநாள் சாயங்காலம் அக்காவின் மூத்தவள் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். ஏழாவது படிக்கிறாள். சமூக அறிவியல், தீர்க்கக்கோடுகள். என் சோகக் கதையைக் கேட்டவள் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு யோசித்தாள்.

“மாமா, சூரியன் மொதல்ல நமக்குத்தான வரும்?”

“ஆமா.”

“அப்ப நம்மதான முன்னாடி? எதுக்குக் கழிச்சீங்க?” நோட்டின் ஓரத்தில் போட்டே காட்டினாள். நமக்கு 82½ பாகை கிழக்கு, அவர்களுக்கு 75 மேற்கு. கூட்டினால் 157½. பாகைக்கு நாலு நிமிஷம். 630 நிமிஷம். “அவங்களுக்கு ராத்திரி 11:59ன்னா, நமக்கு மறுநா காலைல 10:29 மாமா. இன்னிக்குக் காலைல.”

அன்றைக்குக் காலை 10:29க்கு நான் டீக்கடையில் உட்கார்ந்து, கிராமத்துப் பிள்ளைகளுக்கு மேல்நாட்டுக் கல்வி எப்படிக் கதவைச் சாத்துகிறது என்று அந்தப் பெரியவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு டீ வாங்கிக்கொடுத்தார்.

அடுத்த டிசம்பருக்கு இப்போதே படிவம் திறந்துவிட்டார்கள். ‘தாயாரின் கல்வித்தகுதி’யில் எட்டாம் வகுப்பு என்று போட்டாயிற்று, தொழிலை அம்மாவிடமே கேட்டு நிரப்பினேன். நேரக் கணக்கை மூத்தவளிடம் ஒப்படைத்துவிட்டேன். பரிந்துரைக் கடிதத்தை இன்னும் திருத்தவில்லை.

தோப்பில் மறுபடி கொட்டை விழ ஆரம்பித்திருக்கிறது. நேற்றுக் காலை அக்கா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து சின்னவனை என் பக்கத்தில் இறக்கிவிட்டாள். “புள்ளையக் கவனிச்சுக்கடா” என்றாள். நாலடி போனவள் திரும்பிவந்து, என் கையை நீட்டச் சொல்லி, நோட்டையும் பேனாவையும் பிடுங்கிக் கூடைக்குள் போட்டுக்கொண்டு போனாள்.