இளவட்டக்கல்லும் நாற்காலியும்

நான் பிறந்து வளர்ந்த நெல்லைச் சீமையில் பல ஊர்களில் இளவட்டக்கல் கிடக்கும். உருண்டையாக, கைக்குப் பிடிமானமே இல்லாத கல். அதைத் தூக்கித் தோளில் ஏற்றிப் பின்னால் போடுகிறவனுக்குத்தான் பெண் கொடுப்பார்கள் என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள். வடலிவிளையில் இன்றும் பொங்கலுக்கு இளவட்டக்கல் போட்டி நடக்கிறது. 1970-களில் எங்கள் தெருப் பையன்களுக்கு அந்தக் கல்லைத் தூக்கிவிட வேண்டும் என்பதுதான் பெரிய ஆசை. அதற்காகவே பொழுது சாய்ந்ததும் தேகப்பயிற்சி சாலைக்கு ஓடுவோம். ஓலைக் கொட்டகை, மண் தரை, சில ஜோடி கர்லாக்கட்டை, ஒரு இரும்புப் பார். தண்டாலும் பஸ்கியும் எடுத்து முடிக்கும்போது வேட்டி நனைந்திருக்கும்.

மறுநாளைவிட அதற்கடுத்த நாள்தான் தொடை கடுக்கும். மாடிப்படி ஏறிவிடலாம், இறங்கத்தான் முடியாது. பயிற்சி வாத்தியாரிடம் சொன்னால், “வலிக்கத்தாம்ல செய்யும், கட்டைய எடு” என்பார். அந்த வலியை நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோம். உடம்பில் அமிலம் தேங்கிவிட்டது என்று யாரோ விளக்கம் சொன்னார்கள். அது சரியல்ல. லாக்டிக் அமிலம் ஒரு மணி நேர அளவிலேயே ரத்தத்தில் இருந்து விலகிவிடுகிறது. பழக்கமில்லாத வேலை செய்த தசையின் நுண்ணிய இழைகளில் ஏற்படும் சிறு சேதமும், அதை உடல் சீர்செய்யும் வேலையும்தான் அந்த வலிக்குக் காரணம். 1902-லேயே தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியலாளர் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்கும்போது சேதம் அதிகம். பஸ்கியில் கீழே இறங்கும்போது தொடைக்கு நடப்பது அதுதான். படி இறங்கும்போதும் அதே தசை அதே விதமாக வேலை செய்வதால் அப்போது வலி தெரிந்தது.

எங்கள் வீட்டில் முட்டையும் ஊறவைத்த கொண்டைக்கடலையும் எனக்குத்தான். “வளர்ற பிள்ளை, சாப்பிடட்டும்” என்று அப்பா தன் பங்கையும் என் தட்டில் வைப்பார். அவருக்கு இரவில் கஞ்சியும் துவையலும் போதும். எல்லா வீடுகளிலும் அதுதான் வழக்கம்.

அறுபதைத் தொட்டபோது அப்பாவுக்கு முழங்கால் வலி வந்தது. “வயசாயிட்டு. மாடி ஏறாதீங்க, தரையில உக்காராதீங்க, ஓய்வா இருங்க” என்றார் மருத்துவர். அன்றைய நம்பிக்கை அது. திண்ணையில் சாய்வு நாற்காலி போடப்பட்டது. செய்தித்தாள், காபி, தண்ணீர் எல்லாம் அவர் இருக்கும் இடத்துக்கே வந்தன. வயலுக்கும் கடைத்தெருவுக்கும் சலிக்காமல் நடந்தவரின் தொடை, சில வருடங்களில் வேட்டிக்குள் குச்சியாகிவிட்டது. பிறகு இருவர் கைகொடுக்காமல் அவரால் எழ முடியவில்லை. அன்போடு கொடுக்கப்பட்ட அந்த ஓய்வு அவர் கால்களை எடுத்துக்கொண்டது.

இதற்கெல்லாம் முன்பே, 1966-ல், டல்லஸ் நகரில் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்து ஆராய்ந்தார்கள். அதே ஐந்து பேரை 30 ஆண்டுகள் கழித்துத் திரும்பவும் பரிசோதித்தபோது, அந்த மூன்று வாரப் படுக்கை அவர்களின் உழைப்புத் திறனில் ஏற்படுத்திய சரிவு, 30 ஆண்டு வயது ஏறியதால் வந்த சரிவைவிடப் பெரிதாக இருந்தது. 1990-ல் பாஸ்டனில் முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. ஊன்றுகோலோடு வந்த இருவர் அதில்லாமல் நடந்தார்கள். அப்பாவைவிட 30 வயது மூத்தவர்கள்! இந்தச் செய்தி எங்கள் திண்ணை வரை வந்து சேரவில்லையே என்று நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

இப்போது எனக்கு 68. அப்பாவுக்கு வலித்த அதே வலது முழங்கால். எக்ஸ்ரேயில் தேய்மானம் என்றார்கள். நானும் ஓய்வை எதிர்பார்த்துத்தான் பிசியோதெரபிஸ்ட் முன் உட்கார்ந்தேன். என் மகள் வயதுப் பெண். “கையை ஊன்றாம எழுந்திருங்க ஐயா” என்றார். எழுந்தேன். “உட்காருங்க. மறுபடியும் எழுந்திருங்க.” அதுதான் மருந்து. நாற்காலியில் இருந்து எழுவது, குதிகாலை உயர்த்துவது, காலை நீட்டித் தூக்குவது, ரப்பர் பட்டையை இழுப்பது. ஒரு காலத்தில் கல்லைத் தூக்க ஆசைப்பட்டவனுக்கு இன்று தன் உடம்பைத் தூக்குவதே பயிற்சி. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

“வலிக்குதே அம்மா” என்றேன். “பத்துக்கு எவ்வளவு?” என்று கேட்டார். ஐந்துக்குள் இருந்து, மறுநாளைக்குள் பழைய நிலைக்குத் தணிந்துவிட்டால் தொடரலாம், தாண்டினால் எடையையோ எண்ணிக்கையையோ குறைக்க வேண்டும் என்பது அவர் சொல்லிக் கொடுத்த கணக்கு. மூட்டுக் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. அழுத்தி விடும்போது தண்ணீரை உறிஞ்சும் பஞ்சைப் போல, அசையும்போதுதான் அது மூட்டு நீரில் இருந்து ஊட்டம் பெறுகிறது. தொடையின் முன்தசை வலுத்தால் முழங்கால் தாங்க வேண்டிய பாரம் குறையும்.

வாத்தியார் சொன்னதில் பாதி இன்றும் உண்மை. மறுபாதியை நாங்கள் இந்த வயதில் கற்றுக்கொள்கிறோம்: எல்லா வலியும் ஒன்றல்ல. இரண்டு தொடையிலும் பரவலாக வந்து சில நாளில் போகும் கடுப்பு, உழைப்பின் வலி. மூட்டு வீங்கினால், சூடாக இருந்தால், மடக்கிய கால் சிக்கிக்கொண்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இழுத்து, நின்றதும் சரியாகிறதா? அப்படியானால், முக்கியமாகச் சர்க்கரை உள்ளவர்களும் புகைபிடித்தவர்களும், கால் ரத்தக்குழாயைச் சோதிக்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சிலோ இடது தோளிலோ தாடையிலோ இறுக்கம் வந்தால் அதைச் சதைப்பிடிப்பு என்று தைலம் தடவிக் கடத்தவே கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடையில் தானாக வாங்கித் தினமும் விழுங்கும் வலி மாத்திரை வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடத் தொடங்கிய பின் உடம்பெல்லாம் வலித்தால் தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டுக் கணக்கும் மாறிவிட்டது. முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் நாள்தோறும் தேவை என்கிறார்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்பா என் தட்டில் வைத்த முட்டை அவருக்கும் வேண்டியிருந்தது.

வாரத்துக்கு 150 நிமிடமாவது வேக நடை போன்ற மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைப் பயிற்சி, மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்கும் பயிற்சி. 65 வயதைக் கடந்தவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது இது. என் வயது நண்பர்களில் பலர் நடையோடு நிறுத்திவிடுகிறார்கள். நடை இதயத்துக்கு நல்லது, ஆனால் தொடையின் வலுவைக் காப்பாற்ற அது மட்டும் போதாது.

உங்கள் வீட்டில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்ட ஒரு பெரியவர் இருந்தால், முதலில் அந்த வலி என்ன வலி என்று மருத்துவரிடம் தெரிந்துகொள்ளுங்கள். பயமில்லை என்று மருத்துவர் சொன்னால், அன்று மாலையே அசையாத ஒரு நாற்காலியைச் சுவரோரம் போட்டு, பக்கத்தில் நின்று, பெரியவரை எழுந்து உட்காரச் செய்யுங்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டால், கூடவே நடந்து போய் அவரையே எடுத்துக் குடிக்கச் சொல்லுங்கள்.