காற்றுக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று

கேள்வி: அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கடலோர வீட்டுக்காரர்களுக்குத்தான் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே! ஹரிக்கேன் என்றால் ஏன் அப்படிப் பதறுகிறார்கள்?

பதில்: புயலில் காற்றும் தண்ணீரும் கைகோத்து வரும், பாலிசி மட்டும் தனித்தனி. கூரையைக் காற்று பிய்த்தால் வீட்டுப் பாலிசி. கடல் பொங்கிக் கூடத்துக்குள் வந்தால் அது வெள்ளம், அதற்கு வேறு பாலிசி. 2005-இல் கத்ரீனா புயலுக்குப் பிறகு மிசிசிப்பி மாநிலக் கடற்கரையில் பல வீடுகளில் அஸ்திவாரம்தான் மிச்சம். இடித்தது காற்றா, தண்ணீரா என்று கோர்ட்டுக்கு அலைந்தார்கள். பாவம், சாட்சி சொல்ல ஒரு சுவர்கூட இல்லை!

டிவியில் புயலைப் பார்த்துவிட்டு பாலிசி எடுக்க ஓடினாலும் பயனில்லை. அரசின் வெள்ளக் காப்பீடு பொதுவாக 30 நாள் கழித்தே அமலுக்கு வரும். புயல் அதுவரை வாசலில் காத்திருக்குமா? அதோடு ஹரிக்கேன் சேதத்தில் முதல் பங்கு வீட்டுக்காரர் தலையில். 4 லட்சம் டாலர் காப்பீட்டில் பிடித்தம் 2 சதவீதம் என்றால், முதல் 8,000 டாலர் அவருடையது.

புயல் சீசன் ஜூன் 1-இல் தொடங்குகிறது. ஏப்ரலிலேயே பாலிசியை எடுத்துவிட்டு, பின்னால் சாட்சிக்கு ஆகட்டும் என்று அறை அறையாக, அலமாரியைத் திறந்து, ஃபிரிட்ஜின் சீரியல் நம்பர் வரை போனில் வீடியோ எடுத்து, வெளியூர் அக்காவுக்கு அனுப்பிவிட வேண்டும்.