ஓடு மாற்றலா, சாவி வாங்கலா: கோபாலபுரத்தை முன்வைத்து ஒரு முதனிலை ஆய்வு

வீட்டைக் கட்டிப் பார்க்கவும் கல்யாணம் பண்ணிப் பார்க்கவும் சவால் விட்ட பழமொழி, பழைய வீட்டை வாங்கிப் பழுது பார்ப்பது பற்றி வாய் திறக்கவில்லை. இந்தக் கல்விப்புலக் குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம், பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிப் பொள்ளாச்சிச் சாலையில் உள்ள கோபாலபுரம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சோதனைச் சாவடிகள் ஓய்ந்தன; ஆனாலும் பத்திரச் செலவில் எல்லை உயிரோடிருக்கிறது. கேரளத்தில் முத்திரைத்தாளுக்கு 8, பதிவுக்கு 2, ஆக 10 சதவீதம். தமிழ்நாட்டில் 7ம் 2ம் சேர்ந்து 9. அந்த ஒற்றைச் சதவீதத்துக்காக ஊர் மாறியவர் உண்டா என்பது தனி முனைவர் பட்டத்துக்கு உரியது.

பழைய ஓட்டு வீட்டை வாங்கிப் பழுது பார்ப்பதா, புது வீட்டின் சாவியை வாங்குவதா என்பதில் அறிஞர்கள் இரு கட்சி. "மரத்தைப் பாருங்க, இந்தத் தேக்கு இனிக் கிடைக்குமா?" என்பது ஓட்டுக் கட்சி. "பால் காய்ச்சிட்டுக் குடிபோக வேண்டியதுதானுங்க" என்பது சாவிக் கட்சி.

ஓட்டுக் கட்சியின் பரம எதிரி காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது பாலக்காட்டுக் கணவாய். ஆனி, ஆடியில் அதன் வழியே வருவது முகட்டு ஓட்டைத்தான் முதலில் விசாரிக்கும். அடுத்து சுவரில் ஓதம், கைமரத்தில் கரையான். செலவு எவ்வளவு ஆகும் என்று மேஸ்திரியைக் கேட்டால், "பிரிச்சாத்தான் தெரியும்ங்க." இதைவிடத் துல்லியமான மதிப்பீட்டு முறை இத்துறையில் இன்னும் உருவாகவில்லை.

வருமான வரிச் சட்டமும் சாவிக் கட்சிதான். பழைய வரிமுறையில், குடியிருக்கும் வீட்டை வாங்கவோ கட்டவோ எடுத்த கடனின் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு. பழுது பார்க்க எடுத்த கடனுக்கு 30,000 தான். கரையானின் உழைப்பை அரசு அவ்வளவுதான் மதிக்கிறது.

எதிர்ச்சான்றும் உண்டு. முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில், கேரளப் பழைய வீடுகள் பிரித்துக் கொண்டுவரப்பட்டு மறுபடி பொருத்தப்பட்டு நிற்கின்றன. நல்ல மரம் இடமாற்றத்தையே தாங்குகிறது. புது வீட்டின் பட்டிப் பூச்சு இரண்டு மழையைத் தாங்குமா என்பது விவாதத்துக்குரியது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரேராவில் பதிவான திட்டமென்றால், கட்டுமானக் குறையை 5 ஆண்டு வரை கட்டியவரே இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். தனி வீடாகக் கட்டி விற்பவர் பெரும்பாலும் அந்த வலைக்கு வெளியே நிற்கிறார்.

எனவே ஆய்வு முறை இது: ஓட்டு வீட்டைச் சித்திரையில் அல்ல, ஆடியில் பார்க்க வேண்டும். புது வீட்டில் வரவேற்பறையை விட்டுவிட்டு, ஒரு மழைக்குப் பிறகு குளியலறையின் வெளிச்சுவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அதுவரை விற்பவர் காத்திருப்பாரா என்பது கள ஆய்வாளரின் பேச்சுத் திறமைக்கு விடப்படுகிறது.