வீடில்லாதவரின் இரண்டாவது வீடு

வாடகைக்கு விட இரண்டாவது வீடு வாங்குவது சிங்கப்பூரில் வெகு சுலபம். ஒரு மில்லியன் வெள்ளி கொண்டோவா? முதல் வீட்டுக் கடன் பாக்கியிருந்தாலும் வங்கி 45 விழுக்காடு வரை தரும். மீதி 550,000 உங்கள் பாடு. 2023 ஏப்ரலிலிருந்து குடிமக்களுக்குக் கூடுதல் முத்திரைத் தீர்வை 20 விழுக்காடு, அது 200,000. சாதாரணத் தீர்வை 24,600. ஆக, 774,600 வெள்ளி மட்டுமே கையிலுள்ள ஏழைக்கு வங்கி மனமிரங்குகிறது.

தவணைகள் எல்லாம் சேர்ந்து வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக்கூடாதாம். வாடகை வருமானத்தில் 30 விழுக்காட்டைக் கழித்துவிட்டுத்தான் கணக்கே. பெற்ற தாய்க்கும் வராத அக்கறை!

தேக்காவில் நண்பர் ஒருவர், மேசையில் சிந்திய தேத்தாரேயில் விரலால் எழுதிக் காட்டினார்: "கொண்டோவில் என் பாதியை வீட்டுக்காரிக்கே வித்துட்டேன் சார். பழைய கடனும் அவ பேர்லதான். இப்ப நான் வீடில்லாதவன். கடன் 75 விழுக்காடு, கூடுதல் தீர்வை பூஜ்யம்!"

மேதை. புது வீட்டில் வாடகைக்காரரும் குடியேறிவிட்டார். நண்பர் மட்டும் வழக்கம்போல மனைவியின் வீட்டில். போன வாரம் அம்மையார் ஒப்பந்தத்தை நீட்டினாராம்: விதிப்படி குறைந்தது 3 மாதம், ஒரு மாத முன்பணம், அறையில் சமைக்கக்கூடாது.